பங்குனி ஆமை முட்டைகள்: கரையிலேயே காப்பதும், வேறு வழியில்லாதபோது பொரிப்பகத்துக்கு மாற்றுவதும்

கன்னியாகுமரி மாவட்டத்தின் கடற்கரை நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை ஏறத்தாழ 72 கிலோமீட்டர் நீளமுடையது. அதில் பெரும்பகுதி இன்று கடலரிப்புக்குப் போட்ட கருங்கல் சுவராகவும், கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல்தடுப்பான தூண்டில் வளைவாகவும் மாறிவிட்டது. கல்லின் மேல் ஆமையால் ஏற முடியாது. எனவே இராஜாக்கமங்கலத்தை அடுத்த தெக்குறிச்சி போன்று இன்னும் திறந்து கிடக்கும் மணற்கரைகளே ஆலிவ் ரிட்லி எனப்படும் பங்குனி ஆமைகளுக்கு எஞ்சியிருக்கின்றன. தெக்குறிச்சியில் வனத்துறை ஒரு பொரிப்பகத்தை, அதாவது முட்டைகளைப் புதைத்துக் குஞ்சு பொரியும்வரை காக்கும் வேலியிட்ட மணற்பரப்பை, நடத்திவருகிறது. ஒடிசாவின் கஹிர்மாத்தாவிலும் ருசிகுல்யாவிலும் நிகழ்வதுபோல ஆயிரக்கணக்கான ஆமைகள் ஒன்றாகக் கரையேறும் காட்சி நம் பக்கத்தில் கிடையாது. இங்கே ஆமைகள் தனித்தனியாக வரும்; பெரும்பாலும் சனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில், நள்ளிரவை ஒட்டிய நேரத்தில் வந்து, முட்டையிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் திரும்பிவிடும். தனித்தனியாக வருவதால் ஒவ்வொரு குழியும் நாய்க்கும் நரிக்கும் மனிதனுக்கும் எளிதில் அகப்படுகிறது. அதே வேளையில், ஒரு குழியைக் காப்பாற்றினாலே நூறு முட்டை அளவுக்குக் காப்பாற்றியதாகும்.

முட்டையை மீட்பது என்றதும் தோண்டி எடுத்துப் பாதுகாப்பான இடத்தில் புதைப்பதுதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. ஆனால் கைபடாமல் தாய் தேர்ந்த இடத்திலேயே கிடக்கும் முட்டைக்கு நிகராக எந்தப் பொரிப்பகமும் குஞ்சு தருவதில்லை. இடம் மாற்றுவது கடைசி வழி. அந்தக் கடைசி வழியை எடுக்க வேண்டியிருக்கும்போது எப்படிப் பிழையின்றிச் செய்வது என்பதே இந்தக் குறிப்பின் பெரும்பகுதி.

கை வைப்பதற்கு முன்

நம் கடலில் காணப்படும் ஐந்து வகைக் கடலாமைகளும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. முட்டையை எடுப்பதும் சேதப்படுத்துவதும் சட்டத்தின் பார்வையில் வேட்டையாகும். 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்துள்ள விதிகளின்படி, முதல் அட்டவணை உயிரினத்துக்கு எதிரான குற்றத்துக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. நல்ல நோக்கத்தோடு எடுத்தேன் என்று சொல்வது அனுமதி ஆகாது. ஆகவே குழியைக் கண்டவர் முதலில் செய்ய வேண்டியது நாகர்கோவிலில் உள்ள மாவட்ட வன அலுவலகத்துக்கோ அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்துக்கோ தகவல் சொல்வதுதான். ஆமைக் காலம் தொடங்கும் முன்பே அந்தத் தொலைபேசி எண்ணையும், இரவில் எடுத்துப் பேசும் காவலரின் எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். இரவு இரண்டு மணிக்கு எண் தேடுவது வீண் வேலை.

கீழே சொல்லப்படும் தோண்டுதல், சுமத்தல், புதைத்தல் அனைத்தும் வனத்துறையின் அனுமதியோடு, அவர்கள் ஏற்ற தன்னார்வலர்கள் செய்பவை. தனியொருவர் செய்யத்தக்கவை வேறு. தகவல் சொல்லலாம், குழியைக் காவல் காக்கலாம், நாயை விரட்டலாம், விளக்கை அணைக்கச் சொல்லலாம், குழியின் இடத்தைத் துல்லியமாகக் குறித்துக்கொள்ளலாம். இவை சிறு வேலைகள் என்று நினைக்க வேண்டாம். வனக்காவலர் வந்துசேரும் வரையிலான அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் பெரும்பாலான குழிகள் பறிபோகின்றன.

முட்டையிடும் தாயைக் கண்டால் அதன் முன்னால் போகக்கூடாது. பின்புறமாக, தாழ உட்கார்ந்து, காத்திருக்க வேண்டும். கைப்பேசி விளக்கு, படம் எடுக்கும் வெளிச்சம் இரண்டும் ஆமையைத் திரும்பிப் போகச் செய்யும். கரமடி (கரையில் நின்று இழுக்கும் வலை) இழுக்கும் முதியவர் ஒருவர் இளைஞர்களிடம், "மக்கா, லைட்ட அணை. அது இட்டுட்டுப் போவட்டும், நமக்கு என்ன அவசரம்" என்றார். பயிற்சி வகுப்பில் சொல்லத்தக்கதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். முட்டையிட்டு முடித்ததும் ஆமை குழியை மூடி, தன் உடலை இடமும் வலமுமாகத் தூக்கிப் போட்டு மணலை இறுக்கி, சுற்றிலும் மணலை வாரி இறைத்துவிட்டுக் கடலுக்குத் திரும்பும். அது நீரில் இறங்கிய பிறகே நம் வேலை தொடங்குகிறது.

தாயைக் காணாமல் தடத்தை மட்டும் காண்பதே அதிகம். பங்குனி ஆமை துடுப்புகளை மாறி மாறி வைத்து நடப்பதால் அதன் தடத்தில் இடப்பக்கக் குறியும் வலப்பக்கக் குறியும் நேருக்கு நேர் அமையாமல் ஒன்றுவிட்டு ஒன்றாக அமைந்திருக்கும். அகலம் முக்கால் மீட்டர் அளவில் இருக்கும். இரண்டு துடுப்பையும் ஒன்றாக வீசி நகரும் பேராமையின் தடம் இதைவிட அகலமானது, இருபுறமும் ஒத்தது. தடம் ஏறிய இடத்துக்கும் இறங்கிய இடத்துக்கும் நடுவில் மணல் இறைபட்டு மேடும் பள்ளமுமாகக் கிடந்தால் அங்கே குழி இருக்க வாய்ப்புண்டு. தடம் வளைந்து அப்படியே திரும்பியிருந்தால் ஆமை முட்டையிடாமல் போயிருக்கிறது. குழியைக் கண்டுபிடிக்கக் கம்பியால் குத்திப் பார்க்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் உள்ளது. அதை விட்டுவிட வேண்டும், ஏனெனில் ஒரு முட்டை உடைந்தாலும் அதன் வாடை எறும்பையும் நண்டையும் முழுக் குழிக்கும் அழைத்து வந்துவிடும். விரல்களாலோ உள்ளங்காலாலோ மெல்ல அழுத்திப் பார்த்தால், இறுகிய மணலுக்கு நடுவில் சட்டென்று இளகும் ஓரிடம் தெரியும். அதற்குக் கீழேதான் குழியின் கழுத்து.

விடுவதா, எடுப்பதா

இந்தத் தீர்மானத்துக்கு மூன்று கேள்விகள் போதும். முதலாவது, குழி ஓதத்தின் எல்லைக்கு மேலே இருக்கிறதா? அலை கொண்டுவந்து ஒதுக்கிய பாசியும் குப்பையும் வரிசையாகக் கிடக்கும் கோட்டுக்கு நன்றாக மேலே இருந்தால் நல்லது. இந்த மாவட்டத்தில் வேறொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் காற்றே இல்லாத நாளிலும் கள்ளக்கடல் எழுந்து வழக்கமான எல்லையைத் தாண்டிக் கரையேறும். மாசித் தொடக்கத்தில் இட்ட முட்டை ஏப்ரல் தொடக்கத்திலேயே பொரிந்துவிடும். பங்குனிக் கடைசியில் இட்டது பொரிவதற்குள் கள்ளக்கடல் வந்துவிடலாம். பின்பருவக் குழிகளுக்கு ஓத எல்லையை இன்னும் சில அடி உயர்த்தியே கணக்கிட வேண்டும். ஆறு கடலில் கலக்கும் பொழிமுகத்தை ஒட்டிய மணல்திட்டில் இடப்பட்ட முட்டைகளையும் எடுக்கத்தான் வேண்டும், ஏனெனில் பொழி உடைத்துக்கொண்டால் அந்தத் திட்டே இருக்காது.

இரண்டாவது, அந்தக் கரையில் நாய்களும் ஆள்நடமாட்டமும் எவ்வளவு? மீன் இறங்கும் கரையின் அருகே நாய்க்கூட்டம் இல்லாத இடம் அரிது. ஆனால் நாய்க்காக மட்டும் முட்டையை எடுக்கத் தேவையில்லை. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் அளவுள்ள இரும்பு வலையைக் குழியின் மேல் ஒரு சாண் ஆழத்தில் படுக்கவைத்து, நான்கு மூலையிலும் முளையடித்து, மேலே மணலைப் பரப்பிவிட்டால் நாயால் தோண்ட முடியாது. வலையின் கண் குஞ்சு தடையின்றி ஏறிவரும் அளவுக்கு அகலமாக, நான்கு விரல் அளவேனும் இருக்க வேண்டும். அந்த இடத்தில் பலகையோ கொடியோ நடுவது முட்டை திருடுவோருக்கு வழிகாட்டுவதாகும். இரண்டு நிலையான அடையாளங்களிலிருந்து (ஒரு தென்னை, ஒரு மின்கம்பம் என்று வைத்துக்கொள்ளலாம்) குழிக்குள்ள தூரத்தை நாடாவால் அளந்து குறித்துக்கொண்டு, துடைப்பத்தாலோ ஓலையாலோ தடத்தை அழித்துவிட வேண்டும்.

மூன்றாவது கேள்வி எல்லாவற்றையும்விட முக்கியமானது: முட்டையிட்டு எத்தனை மணி நேரம் ஆயிற்று?

தாயின் உடலுக்குள் இருக்கும்போது ஆக்சிஜன் குறைவாக இருப்பதால் கருவின் வளர்ச்சி தொடக்க நிலையிலேயே நின்றுகொண்டிருக்கும். முட்டை வெளியே வந்து காற்றுப் பட்டதும் வளர்ச்சி மீண்டும் தொடங்கும். சில மணி நேரத்தில் கரு மேலெழுந்து ஓட்டின் உட்புறத்தில் ஒட்டத் தொடங்கும். ஒருநாள் அளவில் முட்டையின் மேற்புறத்தில் சுண்ணாம்பு வெண்மையாக ஒரு பொட்டுத் தெரியும். அந்தப் பொட்டுத்தான் கரு ஒட்டியிருக்கும் இடம். அதன் பிறகு முட்டையைப் புரட்டினால் மஞ்சள் கருவின் கனம் கருவை அழுத்தும், மெல்லிய சவ்வு கிழியும், கரு செத்துவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஐம்பது நாள் காவலிருந்த பிறகுதான் குழி முழுதும் கூமுட்டை என்று தெரியவரும். ஆகவே இட்ட இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் மாற்றுவது மிக நல்லது. ஆறு மணி நேரம் என்பது எல்லை. இரவு ரோந்தில் கண்ட குழியை விடிவதற்குள் புதைத்து முடிக்க வேண்டும். காலையில் கண்ட குழி எப்போது இடப்பட்டது என்று தெரியாவிட்டால் பொட்டு விழுந்துவிட்டது என்று வைத்துக்கொண்டே நடக்க வேண்டும். அத்தகைய குழியை இருந்த இடத்திலேயே காப்பதற்கு முழு முயற்சி செய்துவிட்டு, கடல் நிச்சயமாகக் கொண்டுபோய்விடும் என்ற நிலையில் மட்டுமே எடுக்கலாம். அப்போது ஒவ்வொரு முட்டையின் உச்சியிலும் மென்மையான பென்சிலால் சிறு குறியிட்டு, குறி எப்போதும் மேலே இருக்கும்படி ஒவ்வொன்றாக எடுத்து, அதே நிலையில் வைக்க வேண்டும். முதல் மூன்று வாரங்கள் மிக ஆபத்தானவை. அதற்குப் பிறகு கரு ஓரளவு உறுதிப்படும் என்றாலும் புரட்டக்கூடாது என்ற விதி மாறாது.

எடுத்தலும் சுமத்தலும்

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் குழியில் கை வைப்பவர், மற்றவர் அளப்பவரும் எழுதுபவரும். கையில் கொசு மருந்தோ கிருமிநாசினியோ எண்ணெயோ இருக்கக்கூடாது. கடல்நீரில் கழுவி, அந்தக் கரையின் ஈர மணலையே கையில் தேய்த்துக்கொண்டால் போதும். மேலே கிடக்கும் உலர்ந்த மணலை அகலமாக ஒதுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் அது சரிந்து முட்டைகளுக்கு நடுவே இறங்கும். பிறகு கருவி எதுவும் இல்லாமல் விரல்களாலேயே ஈர மணலை வாரி எடுத்து ஒரு பக்கமாகக் குவித்துக்கொள்ள வேண்டும். அந்த ஈர மணல் பின்னால் வேண்டியிருக்கும்.

முழங்கை அளவு இறங்குவதற்குள் முதல் முட்டை விரலில் படும். புதிதாக இட்ட முட்டை ஈரமாக, வழவழப்பாக, தோல்போல நெகிழும் ஓட்டோடு, ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டர் விட்டத்தில் இருக்கும். பெரும்பாலானவற்றில் ஒரு சிறு குழிவு காணப்படும், அது கெட்டுப்போன அடையாளம் இல்லை. அதன் பிறகு மணலில் மார்பு படப் படுத்து, தோள்வரை கையை இறக்கித்தான் அடிமுட்டைகளை எடுக்க முடியும். குழி கழுத்தில் குறுகி அடியில் குடம்போல் அகன்றிருப்பதால் ஓரங்களில் ஒதுங்கிய முட்டைகள் கைக்குத் தப்பும். விரலை வட்டமாகச் சுவரோடு ஓட்டித் தேட வேண்டும். ஒரு குழியில் பொதுவாக நூறுக்கு மேல் முட்டை இருக்கும். எண்பதும் இருக்கலாம், நூற்றைம்பதும் இருக்கலாம்.

முட்டையை வாளியில் வைக்கும் முன் வாளியின் அடியில் நான்கு விரல் உயரம் ஈர மணலைப் பரப்ப வேண்டும். எறியாமல், உருட்டாமல், எடுத்த நிலையிலேயே வைத்து, வாளி முக்கால் நிறைந்ததும் ஈரத் துணியால் மூட வேண்டும். துணிப்பையும் பழக்கத்தில் உள்ளது, ஆனால் நடக்கும்போது பை ஆடுவதால் என் மதிப்பில் வாளியே மேல். குழி காலியானதும் ஒரு குச்சியை அடிவரை இறக்கி, கரைமட்டத்தில் விரலை வைத்துப் பிடித்து, அந்த ஆழத்தைக் குச்சியில் வெட்டிக் குறித்துக்கொள்ள வேண்டும். பங்குனி ஆமையின் குழி பெரும்பாலும் 40 முதல் 50 சென்டிமீட்டர் ஆழம் இருக்கும். பொரிப்பகத்தில் தோண்டும் குழிக்கு இந்தக் குச்சிதான் அளவுகோல். சுமக்கும்போது நடந்தே போக வேண்டும். இருசக்கர வாகனத்தின் அதிர்வு முட்டைக்குக் கேடு. தூரம் அதிகமென்றால் வாளியை மடியில் வைத்துக்கொண்டு நான்கு சக்கர வாகனத்தில் மெல்லப் போகலாம்.

பொரிப்பகத்து மணல்

பொரிப்பகத்துக்கு இடம் தேர்வதில் மூன்று தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. சாலையிலிருந்து பார்வையாளர் வர வசதியான இடத்தில் அமைப்பது ஒன்று. அங்கே வெளிச்சமும் சத்தமும் இருக்கும். சவுக்குத் தோப்பின் நிழலுக்குள் அமைப்பது இரண்டாவது. சவுக்கின் நார்வேர்கள் முட்டைகளைச் சுற்றிப் பின்னிக்கொள்ளும், குழியின் ஈரத்தையும் உறிஞ்சிவிடும். சென்ற ஆண்டு வைத்த அதே மண்ணில் மீண்டும் வைப்பது மூன்றாவது. பொரியாத முட்டைகளும் ஓடுகளும் அழுகிய மணலில் பூஞ்சையும் கிருமியும் தங்கியிருப்பதால், ஆண்டுதோறும் இடத்தைச் சற்று நகர்த்த வேண்டும். முடியாதபோது முக்கால் மீட்டர் ஆழம் வரை பழைய மணலை எடுத்துவிட்டு, ஓத எல்லையை ஒட்டிய சுத்தமான மணலைச் சல்லடையில் சலித்து நிரப்ப வேண்டும்.

சுற்றுவேலிக் கம்பிவலை தரைக்கு மேலே ஆள் உயரமும் தரைக்குக் கீழே அரை மீட்டரும் இருக்க வேண்டும். நாயும் கீரியும் அடியில் தோண்டும். நண்டு அதைவிடச் சிறிய வழியிலும் நுழையும். குழிக்குக் குழி ஒரு மீட்டர் இடைவெளி விடுவது இடத்தை வீணாக்குவது அன்று. வளரும் கருக்கள் மூச்சுவிடுகின்றன, சூட்டையும் வெளியிடுகின்றன. கடைசி மூன்றில் ஒரு பங்குக் காலத்தில் ஒரு குழியின் நடுப்பகுதி சுற்றியுள்ள மணலைவிடச் சில டிகிரி கூடுதலாகச் சூடேறும். நெருக்கி வைத்த குழிகள் ஒன்றின் சூட்டை மற்றொன்றுக்குக் கொடுத்து, ஒன்றின் காற்றை மற்றொன்று பறித்துக்கொள்ளும்.

குழி தோண்டச் சிரட்டையைவிட நல்ல கருவி கிடையாது. கழுத்தை ஒரு சாண் அகலத்தில் நேராக இறக்கி, குச்சியில் குறித்த ஆழத்தின் கீழ்ப்பாதியில் எல்லாப் பக்கமும் குடைந்து அகலப்படுத்த வேண்டும். மேல்மணல் காய்ந்து சரிந்தால் தோண்டுவதற்கு முன்பு அந்த இடத்தை மட்டும் நீர் தெளித்து நனைத்துக்கொள்ளலாம். முட்டைகளை இரண்டு மூன்றாகக் கையில் எடுத்து, கையைக் குழிக்குள் இறக்கியே வைக்க வேண்டும், மேலிருந்து போடக்கூடாது. எல்லாம் வைத்த பிறகு, இயற்கைக் குழியிலிருந்து கொண்டுவந்த ஈர மணலை முதலில் இட்டு, அதன் மேல் பொரிப்பகத்தின் ஈர மணலை நிரப்பி, கடைசி இரண்டு விரல் அளவுக்கு மட்டும் உலர்மணலைப் பரப்ப வேண்டும். உள்ளங்கையால் லேசாக அணைத்தால் போதும். காலால் மிதித்து இறுக்கக் கண்டிருக்கிறேன். ஆமை இறுக்குவது கழுத்துக்கு மேலே உள்ள மணலை, நாம் மிதிப்பதோ முட்டையை. குழியின் எண், கண்டெடுத்த இடம், இட்ட நேரம், புதைத்த நேரம், முட்டை எண்ணிக்கை, பொரியும் என எதிர்பார்க்கும் நாள் ஆகியவற்றை எழுதிய தகட்டை அருகில் நட்டு, அதே விவரத்தைப் பதிவேட்டிலும் எழுத வேண்டும். தகடு காற்றில் போகும், பதிவேடு நிற்கும்.

சூடும் ஈரமும்

ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடே தீர்மானிக்கிறது. அடைகாலத்தின் நடு மூன்றில் ஒரு பங்கில் குழியின் வெப்பம் 29, 30 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தால் இரு பாலும் கலந்து பிறக்கும். அதற்கு மேலே போகப் போகப் பெண்ணும், கீழே இறங்க இறங்க ஆணும் மிகும். 34 டிகிரிக்கு மேல் தொடர்ந்து நின்றால் பால் வேறுபாட்டைப் பற்றிய பேச்சே இல்லை, கருக்கள் வெந்துவிடும். சூடு கூடினால் 45 நாளிலும், குறைந்தால் 60 நாள் வரையிலும் பொரியும்.

இங்கே இந்த மாவட்டத்துக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. மணவாளக்குறிச்சியைச் சுற்றிய கரைகளில் இல்மனைட், கார்னெட், மோனசைட் போன்ற கனிமங்கள் கலந்திருப்பதால் மணல் கருமையாக இருக்கும். கருமணல் வெயிலை அதிகம் வாங்கும். மார்ச் மாதத்து நண்பகலில் வெறுங்காலோடு நடந்தவர் எவருக்கும் இது தெரியும். கருமணலை அள்ளி வந்து பொரிப்பகத்தை நிரப்பக்கூடாது. சென்னையில் 1988 முதல் மாணவர்கள் ஆமைகளுக்காக இரவு நடை நடந்துவரும் கரைகளின் வெளிர்மணலுக்குப் பொருந்திய நிழல் அளவு நம் கரைக்கு அப்படியே பொருந்தும் என்றும் எண்ணக்கூடாது. வெப்ப உணர்கருவியையோ, நீண்ட தண்டுள்ள மண் வெப்பமானியையோ முட்டைகளின் ஆழத்திலேயே ஒரு குழியின் பக்கத்தில் புதைத்து, காலையும் மாலையும் அளவெடுத்து, அதைக் கொண்டே நிழலைத் தீர்மானிக்க வேண்டும்.

நிழலுக்குக் கிடுகு பின்னிய ஓலையோ பச்சை நிழல்வலையோ போடலாம். பொரிப்பகம் முழுவதையும் மூடிவிட்டால் ஆண்களே பிறக்கும் நிலை வரலாம். திறந்தே விட்டால் வெயில் ஏறும் மார்ச் மாதத்துக்குப் பிறகு பெண்களே பிறக்கும் அல்லது எதுவும் பிறக்காது. பாதியை மூடி, பாதியைத் திறந்து வைத்து, வெப்பமானி 32ஐத் தாண்டத் தொடங்கும்போது திறந்த பாதிக்கும் நண்பகல் வேளையில் நிழல் தருவது நடைமுறையில் நல்ல முறை. ஓலையை ஆள் உயரத்துக்கு மேலே கட்ட வேண்டும், இல்லையேல் காற்று ஓடாமல் வெக்கை அடியில் தங்கும்.

தண்ணீர் ஊற்றும் ஆசையை அடக்க வேண்டும். செடிக்கு ஊற்றுவதுபோல நாள்தோறும் ஊற்றினால் மணலின் இடைவெளிகள் நிறைந்து முட்டைக்குக் காற்றுப் போகாது. ஒரு பிடி மணலை அடி ஆழத்திலிருந்து எடுத்துப் பிடித்துப் பார்த்தால் அது உருண்டையாக நிற்க வேண்டும், ஆனால் விரலிடையில் நீர் கசியக்கூடாது. அந்த நிலை இருக்கும்வரை நீர் தேவையில்லை. நெடுநாள் வறண்டு மேல்மணல் இரண்டு சாண் ஆழத்துக்கு உதிரியாகிவிட்டால், விடியற்காலையில் நன்னீரைப் பூவாளியால் லேசாகத் தெளிக்கலாம். கோடைமழை பலமாகப் பெய்தால் ஓலையின் மேல் தற்காலிகமாகத் தார்ப்பாய் கட்டி, பக்கவாட்டில் நீர் வடியச் சிறு வாய்க்கால் இழுத்துவிட வேண்டும்.

இந்த நாட்களில் காவல் வேலை சலிப்பூட்டும், ஆனால் பொரிப்பகத்துக் குழிகள் அழிவதும் இந்த நாட்களில்தான். காலையில் ஒவ்வொரு குழியின் மேற்பரப்பையும் குனிந்து பார்க்க வேண்டும். ஒரு விரல் அகலத்தில் சாய்வாக இறங்கும் புதுத் துளை இருந்தால் நண்டு. ஒரு மெல்லிய ஈர்க்கைத் துளைக்குள் செலுத்தினால் அது எந்தத் திசையில் போகிறதென்று தெரியும். குழியை விட்டு விலகிப் போனால் நண்டை மட்டும் பிடித்து அப்புறப்படுத்தலாம், குழியை நோக்கிப் போனால் அந்தப் பக்க மணலை மெல்ல விலக்கித் துளையை அடைக்க வேண்டும். எறும்பு வரிசையைக் கண்டால் பூச்சிமருந்து தூவக்கூடாது. உடைந்த முட்டை ஏதோ இருக்கிறதென்று பொருள், புற்றைத் தேடி வேலிக்கு வெளியே அழிப்பதே வழி.

குஞ்சு வெளிவரும் நாட்கள்

நாற்பதாவது நாளில் ஒவ்வொரு குழியின் மேலும் அடியில்லாத மூங்கில் கூடையையோ கம்பிவலை வளையத்தையோ பதித்து வைக்க வேண்டும். வெளிவரும் குஞ்சுகள் பொரிப்பகம் முழுவதும் சிதறாமல் இருக்கவும், எந்தக் குழியில் எத்தனை என்று எண்ணவும் அது உதவும். ஓட்டை உடைத்த குஞ்சுகள் உடனே மேலே வருவதில்லை. இரண்டு மூன்று நாள் குழிக்குள்ளேயே ஒன்றன்மேல் ஒன்று கிளறி, மேலுள்ள மணலை அடிக்கு உதிர்த்தபடி, கூட்டமாக ஏறும். அப்போது மேற்பரப்பு ஒரு தட்டளவுக்குச் சற்றே உள்வாங்கும். அந்தப் பள்ளம் கண்டால் அன்றிரவோ மறுநாளோ குஞ்சு வரும் என்று ஆயத்தமாகலாம். தோண்டி உதவ முனையக்கூடாது. வயிற்றில் ஒட்டியுள்ள மஞ்சள் கரு உள்ளிழுக்கப்பட இந்த நாட்கள் தேவை.

மேல்மணல் குளிரும்போதுதான் குஞ்சுகள் தலைநீட்டும் என்பதால் பெரும்பாலும் இரவிலேயே வெளிவரும். மாலை முதல் விடியும் வரை மணிக்கொருமுறை கூடைகளைப் பார்க்க வேண்டும், கிடைத்தவற்றைத் தாமதமின்றி விட வேண்டும். பொரிந்த குஞ்சு முதல் ஒருநாள் ஓயாமல் நீந்தி ஆழ்கடலை அடையும் வேகத்தோடு பிறக்கிறது; அதற்கான ஆற்றல் வயிற்றில் உள்ள மஞ்சள் கரு மட்டுமே. காலையில் விருந்தினர் வந்து படம் எடுக்கட்டும் என்று இரவு முழுதும் வாளியில் வைத்திருந்தால், அது அந்த ஆற்றலை வாளியின் சுவரில் முட்டியே செலவழித்துவிடும். பிறகு பட்டப்பகலில் களைத்த குஞ்சைக் காக்கைக்கும் பருந்துக்கும் எதிரில் விடுகிறோம். விழிப்புணர்வுக்காக மக்கள் முன்னிலையில் விட வேண்டுமென்றால் அன்று மாலை இருட்டும் வேளையில் வெளிவந்தவற்றுள் சிலவற்றை விடலாம். மற்றவை அவை வெளிவந்த நேரத்திலேயே போக வேண்டும்.

கொண்டுசெல்லும் வாளியில் தண்ணீர் வேண்டாம், ஈர மணல் போதும். நீர்விளிம்பிலிருந்து ஐந்தாறு மீட்டர் முன்னதாக மணலில் இறக்கி, தானே ஊர்ந்து போக விட வேண்டும். அந்த ஊர்தலைக் கையால் தூக்கி மிச்சப்படுத்துவது உதவியாகாது. கரையை அடையாளம் காணும் உணர்வு அப்போது பதிகிறது என்பதே ஆய்வாளர்களின் கருத்து. பார்ப்போர் அனைவரும் குஞ்சுகளுக்குப் பின்னால் நிற்க வேண்டும். மணலில் இருக்கும் குஞ்சைக் கால் மிதித்துவிடுவது கூட்டத்தில் எளிதாக நடக்கும். கரையோர விளக்குகளை அணைக்கச் சொல்ல வேண்டும், ஏனெனில் குஞ்சு கடலின் வெளிச்சமான அடிவானத்தை நோக்கியே நடக்கிறது, அதைவிட ஒளிரும் தெருவிளக்கைக் கண்டால் அதன் பக்கம் திரும்பும். ஒவ்வொரு இரவும் விடும் இடத்தை நூறு, இருநூறு மீட்டர் மாற்றுவதும் அவசியம். ஒரே இடத்தில் விட்டால் அங்கே மீன்கள் காத்திருக்கப் பழகிவிடும்.

பகலில் வெளிவந்துவிட்ட குஞ்சுகளை நிழலில், ஈர மணல் பரப்பிய வாளியில், ஈரத்துணி மூடி மாலைவரை அசைவின்றி வைத்திருக்கலாம். தொட்டியில் கடல்நீர் நிரப்பி நீந்தவிடும் வழக்கத்தை நிறுத்த வேண்டும்.

முதல் கூட்டம் வெளிவந்த மூன்றாம் நாள் குழியைத் தோண்டிப் பார்க்க வேண்டும். அடியில் சிக்கிய உயிர்க்குஞ்சுகளை அன்றிரவே விட வேண்டும். பாதிக்கு மேல் முழுமையாக உள்ள ஓட்டை ஒன்று என எண்ணி, வெற்று ஓடுகள், பொரியாத முட்டைகள், இறந்த குஞ்சுகள் ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்து எழுத வேண்டும். பொரியாத முட்டையைப் பிளந்து பார்ப்பது முகம் சுளிக்கவைக்கும் வேலைதான், ஆனால் எங்கே தவறினோம் என்பதை அதுவே சொல்லும். கருவின் சுவடே இல்லாத முட்டைகள் மிகுதியாக இருந்தால் அவை கருவுறாதவையாகவோ, மாற்றும்போது தொடக்கத்திலேயே கரு இறந்தவையாகவோ இருக்கும். ஒரே இரவில் ஒரே ஆள் மாற்றிய குழிகள் எல்லாம் அப்படி இருந்தால் கையாண்ட முறையைத் திருத்த வேண்டும். முழு வளர்ச்சி அடைந்து ஓட்டுக்குள்ளேயே இறந்த குஞ்சுகள் மிகுதி என்றால் கடைசி நாட்களின் சூட்டையோ நீர் தேங்கியதையோ பார்க்க வேண்டும். கழிவுகளைப் பொரிப்பகத்துக்கு வெகுதூரத்தில் ஆழமாகப் புதைத்துவிட வேண்டும்.

குளத்து ஆமைகளின் முட்டை

தேரூர், வேம்பனூர்ப் பக்கங்களில் குளக்கரையிலோ வாழைத்தோட்டத்திலோ மண்வெட்டும்போது முட்டைகள் அகப்படுவதுண்டு. அவை நன்னீர் ஆமைகளான பாலாமையினுடையவையோ காராமையினுடையவையோ ஆகும். ஓடு கடினமாக, கோழிமுட்டை ஓட்டைப்போல இருக்கும். ஒரு குழியில் சிலவே இருக்கும். பாலாமையின் முட்டை நடுவில் வளர்ச்சியை நிறுத்திவைத்துப் பல மாதம் கழித்துப் பொரியக்கூடியது. ஐம்பது நாளில் பொரியவில்லை என்று கெட்ட முட்டையாகக் கருதி எறிந்துவிடக்கூடாது. கடலாமைக்குச் சொன்ன அடிப்படை விதி இதற்கும் பொருந்தும். மண்வெட்டி பட்டதும் வேலையை நிறுத்தி, உச்சியில் குறியிட்டு, புரட்டாமல், அதே ஆழத்தில் அதே மண்ணால் மூடி, அந்த ஓரடி இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தில் வெட்ட வேண்டும். அந்த இடத்தை வெட்டியே தீர வேண்டும் என்றால், முட்டைகளை மண்ணோடு ஒரு பாத்திரத்தில் அசையாமல் வைத்து நிழலில் நிறுத்திவிட்டு வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். முட்டைகள் யாருடைய வீட்டு அலமாரிக்கும் போகக்கூடாது. பாலாமையும் இப்போது முதல் அட்டவணையில்தான் இருக்கிறது.